தேவிப்ரியாவுக்கு ஒதுக்கப்பட்ட வீடு

தணிகாசலத்தின் வீட்டு மாடி அறையில் யாரும் இல்லை என்பதை அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கையில் அளவு நாடா இருந்தது. இன்னொருவர் கையில் எதுவும் இல்லை. எதுவும் இல்லாதவர்தான் அதிகாரி.

அதிகாரியின் பெயர் மாணிக்கவாசகம், சரிநிகர் வாரியத்தின் கோட்ட அலுவலர். நாடா பிடித்தவர் விமல்ராஜ், அவருடைய உதவியாளர். இருப்பவரிடம் எடுத்து இல்லாதவருக்குக் கொடுப்பது வாரியத்தின் வேலை. முதலில் பெரிய வீடுகளுக்குத்தான் போனார்கள். ஆனால் பெரிய வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் இருந்தது. விருந்தினர் அறை, உடற்பயிற்சி அறை, சினிமா பார்க்கிற அறை என்று சொன்னார்கள். ஒரு வீட்டில் நாய்க்குக்கூட அறை இருந்தது, கதவில் அதன் பெயரும் எழுதியிருந்தது. விதிப்படி, பெயர் உள்ள அறை பயன்பாட்டில் உள்ள அறை. பெயர் வைக்காமல் அறை கட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் தணிகாசலம் குடியிருந்த நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் இருந்தார்கள்.

"மேல யாரு இருக்காங்க?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

தணிகாசலம் பேச்சுக்குப் பஞ்சம் இல்லாதவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் மீசை அரும்பிய நாள் முதல் விற்பனையாளர். எதுவும் வாங்க வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டு வருகிற கல்யாண வீட்டாரையும் பேசியே உட்கார வைத்துவிடுவார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

மேலே அவர் மகள் தேவிப்ரியா இருந்தாள். நர்சிங் படிக்கிற பெண், கீழே ஒரே அறையில் டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே படிக்க முடியாமல் தவிக்கிறாளே என்று கட்டிய அறை அது. மேலே சிமெண்ட் ஷீட், ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அவள் டெங்குக் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அறை அப்படியே பூட்டிக் கிடந்தது. அவர் மனைவி ரேணுகாம்பாள் அதன் பிறகு அந்தப் படியேறியதே இல்லை. வீடு பெருக்கும்போது துடைப்பம் கீழ்ப்படியோடு நின்றுவிடும்.

"காலி," என்றார் விமல்ராஜ், மேலே ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு.

கதவில் 'உபரி' என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ரேணுகாம்பாள் ஈரக்கையோடு வந்து கீழிருந்தே அதைப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பினாள்.

தணிகாசலம் அதிகாரியிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மனைவியிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. கருமாதி முடிந்த வாரத்திலிருந்து, விடியற்காலையில், தெருவில் தறிகள் ஆரம்பிக்கும் முன்பே மாடியில் நாற்காலி இழுபடும். தேவிப்ரியா படிக்க உட்காரும் நேரம் அது. நாற்காலியைத் தூக்கிப் போடத் தெரியாத பெண். இழுத்துத்தான் போடுவாள். "தரை கீறுது பார்" என்று அவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். இப்போது அந்தச் சத்தம் கேட்டால், மனைவி விழித்துவிடப் போகிறாளே என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பயம் என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் இரவில் தூங்கவே போனார்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணிப்பை, முகத்தில் திருட வந்தவளின் கூச்சம். பெயர் உம்முசல்மா. ரவிக்கை தைப்பவள், கணவனை இழந்தவள்.

"அண்ணே, உங்க மாடி ரூம எனக்குக் குடுத்துருக்காங்களாம். வந்து எடுத்துக்கலன்னா ரேஷன நிறுத்திருவோம்னு சொல்றாங்க. அல்லா மேல சத்தியமா நான் கேக்கலண்ணே. கூரை ஒழுகுது, நாலு ஓடு மாத்திக் குடுங்கன்னுதான் மனு போட்டேன்."

"ஓடு கேட்டதுக்கா ரூமு குடுத்தாங்க?"

"ஓட்டுக்குத் திட்டம் இல்லையாம்."

ரேணுகாம்பாள் அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். மூவரும் அந்தத் தாளை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு உம்முசல்மா பையைத் தூக்கிக்கொண்டு, தன் ஒழுகுகிற வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

தணிகாசலம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். வாரியம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. மணமேடையில் மாணிக்கவாசகத்தின் மேஜை. மனுதாரர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இலை போடுகிற நீள மேஜைகளின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையற்கட்டில் கோப்புகள் அடுக்கியிருந்தன.

"ஐயா, அந்த ரூமு சும்மா இல்லீங்க. எம் பொண்ணு இருந்தா."

"இருந்தா," என்றார் மாணிக்கவாசகம் பொறுமையாக. "இறந்தகாலம். நம்ம விதிகள்ல இறந்தகாலமே கிடையாது தணிகாசலம். இருக்காங்களா, இல்லையா, ரெண்டுதான்."

"அந்தம்மா ஓடுதான சார் கேட்டாங்க? அத்த மாத்திக் குடுத்துட்டா..."

அதிகாரி எழுந்து நின்றார். மணமேடையில் எழுந்து நின்றால் யாருக்கும் பேச வந்துவிடும் போலிருக்கிறது.

"நல்லா கவனிங்க. ஓடு மாத்தறது பராமரிப்பு. பராமரிப்புக்கு ரிப்பன் வெட்ட முடியாது, யாரும் வந்து கைதட்ட மாட்டாங்க. ரூம் குடுக்கறது நலத்திட்டம். நாங்க யார்கிட்டயும் எதையும் பிடுங்கல. இங்க இருக்கறத அங்க நகர்த்தறோம். நகர்த்தற செலவுக்கு மட்டும் வழியில கொஞ்சம் எடுத்துக்கறோம். அதுலதான் இந்த மண்டபம், ஜீப்பு, நான் எல்லாம். நாங்க இல்லன்னா இவ்ளோ ஏழைங்களுக்கும் யாரு இருக்காங்க? அவங்க இல்லன்னா எங்களுக்குத்தான் யாரு இருக்காங்க?"

கூடத்தில் பழக்கப்பட்ட சிலர் கைதட்டினார்கள்.

தணிகாசலம் இறங்கி வந்தார். போகிற வழியில் ஓர் அறை பூட்டியிருந்தது. கதவுக்கு மேலே 'மணமகள் அறை' என்ற பழைய எழுத்து இன்னும் அழியவில்லை. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அதன் தண்ணீர் ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், அந்தப் பக்கம் வந்த விமல்ராஜிடம் கேட்டார்.

"உள்ள யாரு சார்?"

"இணை இயக்குநர்."

"அவரப் பாக்க முடியுமா?"

"ஆளு இல்லீங்க. பதவி இருக்குது. ரொம்ப வருஷமா யாரையும் போடல."

"அப்ப ஏசி யாருக்கு?"

"பதவிக்குத்தான். தினம் டேபிள் தொடைப்போம், டம்ளர்ல தண்ணி வைப்போம். ஒரு நாள் விட்டுட்டாலும் பதவி காலாவதி ஆயிடுங்க. ஆளு இல்லன்னா பரவால்ல. பதவி போச்சுன்னா திரும்ப வராது."

விமல்ராஜ் இதைச் சிரிக்காமல் சொன்னார். தணிகாசலமும் சிரிக்கவில்லை. தண்ணீர் வைக்கிறார்கள் என்பது அவர் மனதில் தங்கிவிட்டது. வாளியில் நாலைந்து சொட்டு விழுகிற வரை நின்றார். பிறகு திரும்பி விறுவிறுவென்று மணமேடை ஏறினார்.

"சார், எம் பொண்ணு அந்த ரூமுலதான் இருக்குறா. ஆளு இல்ல. ஆனா இருக்குறா. காலைல எழுந்து நாற்காலிய இழுத்துப் போட்டுக்கினு படிக்கிறா."

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து எந்த மனுவுக்கும் அவர் சிரித்ததில்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"நேரடி விசாரணை வைக்கிறேன்," என்றார்.

விசாரணைக்கு விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு என்ற முறையில் உம்முசல்மாவையும் கூட்டி வந்திருந்தார்கள். தணிகாசலம் பூட்டைத் திறந்தார். மூன்று வருஷத்துக் காற்று வெளியே வந்தது. மேஜையில் உடற்கூறியல் புத்தகம் விரித்தபடி இருந்தது. மாணிக்கவாசகம் சுற்றிலும் பார்த்தார். உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். உட்கார்ந்தார்.

காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. தெருவில் முதல் தறி ஆரம்பித்தது. விமல்ராஜ் கொட்டாவி விட்டார். இத்தனை வருஷம் தானே கற்பித்துக்கொண்ட சத்தமோ என்று தணிகாசலத்துக்கு முதல்முறையாகத் தோன்றியது. அந்தச் சந்தேகம், அறை பறிபோவதைவிட அவரை நடுக்கியது.

"ஆக, குடியிருப்பவர் எவரும் இல்லை," என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"நாற்காலில நீங்க உக்காந்துக்கினு இருந்தா அவ எப்படி சார் இழுப்பா?"

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. ரேணுகாம்பாள் மேல்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது.

"மொதல்ல நாற்காலிய இழுப்பா. அப்புறம் ஜன்னலு. அந்தக் கொக்கி சரியா மாட்டாது, கையால தட்டுவா. வெளிச்சம் வந்ததும் சத்தம் நின்னுடும். மூணு வருஷமா கேட்டுக்கினுதான் இருக்கேன். இவரு பயந்துக்குவாருன்னுதான் சொல்லல."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். ஒரே பாயில் படுத்து, ஒரே சத்தத்தை, ஒருவருக்கொருவர் மறைத்து, இருவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அத்தனை காலைகளிலும் அவள் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துக் கண் விழித்துக் கிடந்திருக்கிறாள்.

மாணிக்கவாசகம் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு மேஜையை நோக்கிப் போனது. விமல்ராஜ் கையிலிருந்த நாடா நழுவி, சுருண்டு தன் கூட்டுக்குள் போய்விட்டது. உம்முசல்மா உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினாள்.

"பதிவு பண்ணிக்கங்க," என்றார் மாணிக்கவாசகம், திரும்பிப் பார்க்காமல். "குடியிருப்பவர் இருக்கிறார்."

ரேணுகாம்பாள் அப்படியே படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று அந்த வீட்டில் சந்தோஷம் போல ஒன்று வந்து கொஞ்ச நேரம் இருந்தது. மிஞ்சிப் போனால், மாணிக்கவாசகம் அடுத்த கேள்வியைக் கேட்கிற வரை.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"அவங்க பேர்ல சொத்து? வருமானம்?"

"படிக்கிற பொண்ணு சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "தணிகாசலம், உங்க பொண்ணு முதல் முன்னுரிமைப் பிரிவுல வர்றாங்க! தனியா இருக்கற பொண்ணு, சொந்த வீடு இல்ல, வருமானம் இல்ல, அப்பன் தயவுல ஒண்டிக்கினு கெடக்கறாங்க. இதப் பாத்துட்டு அரசாங்கம் சும்மா இருக்குமா? ஏரிக்கரை அடுக்குமாடியில அவங்களுக்கு ஒரு வீடு."

"அவளுக்கு இதுதான் சார் வீடு."

"இது உங்க வீடு. அவங்க போனதும் இந்த ரூம் காலி. அத இந்தம்மாவுக்குக் குடுத்துடலாம். ஒரே உத்தரவுல ரெண்டு பயனாளி," என்றார் மாணிக்கவாசகம். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

வேனில் ஏற்ற வந்தபோது விமல்ராஜ் அறை நடுவே நின்று உத்தரவை உரக்கப் படித்தார். "தணிகாசலம் மகள் தேவிப்ரியா உடனடியாகப் புதிய இல்லத்துக்குக் குடிபெயருமாறு..." படிக்கும்போது அவர் கண்கள் தாளை விட்டு நகரவே இல்லை. பிறகு அவளுடைய உடைமை என்று நாற்காலியை வேனில் ஏற்றினார்கள். இதற்காகவே கூட்டி வந்திருந்த பள்ளிப் பேண்டு வாத்தியம் வாசித்தது.

ஏரிக்கரையில் விழா. அமைச்சர் வந்திருந்தார். தேவிப்ரியாவின் படத்தை மேடையில் வைத்தார்கள். அதில் ஏற்கெனவே மாலை இருந்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. ஆள் உயர அட்டைச் சாவி ஒன்றைத் தணிகாசலம் அமைச்சர் கையிலிருந்து வாங்கினார்.

"இதுவரை வந்த அரசுகள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கே செய்து வந்தன," என்றார் அமைச்சர். "விளைவு என்ன? தண்ணீர் வரவில்லை என்பான். சுவர் வெடித்தது என்பான். கொடுத்ததையே குறை சொல்வான். எங்கள் அரசு இறந்தவர்களையும் கைவிடாத அரசு. அவர்கள் நன்றி மறப்பதில்லை. ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. உயிரோடு இருப்பவர்களே, பொறுமையாக இருங்கள். உங்கள் முறையும் வரும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் விடியற்காலையில் தணிகாசலம் கண் விழித்துக் கிடந்தார். இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ரேணுகாம்பாளும் விழித்திருந்தாள். இருவரும் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். மேலே ஒன்றும் அசையவில்லை. தெருவில் ஒரு தறி ஆரம்பித்தது, பிறகு இன்னொன்று, பிறகு தெரு முழுவதும்.

"போயிட்டா," என்றாள் ரேணுகாம்பாள். செத்த அன்றுகூட மகளைப் பற்றி அவள் இப்படிச் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அவளே போய் உம்முசல்மாவைக் கூட்டி வந்தாள். தையல் மெஷினை மூவருமாகச் சேர்ந்து மேலே ஏற்றினார்கள். விடியற்காலையில் மட்டும் உம்முசல்மா மெஷினைத் தொடமாட்டாள். "அது பாப்பா நேரம்ண்ணே," என்பாள். அந்த நேரத்து அமைதி வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கடை விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் பஸ் ஏறி ஏரிக்கரைக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. லிஃப்டுக்கு இடம் விட்டிருந்தார்கள், லிஃப்ட் இல்லை. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கதவில் கைரேகைப் பூட்டு. தணிகாசலம் கட்டைவிரலை வைத்தார். "பயனாளி பொருந்தவில்லை," என்றது ஒரு பெண்குரல், மிகுந்த மரியாதையோடு. கதவில் காது வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரேணுகாம்பாள் சொன்னாள்:

"புது எடம்தான. பழக வேணாமா?"

அதனால் வாராவாரம் போனார்கள். மூடிய கதவுக்கு முன்னால் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார்கள். முதலில் அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். பிறகு பக்கத்துக் கதவின் முன்னால் ஃப்ளாஸ்க்கோடு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

"பொண்ணு. உங்களுக்கு?"

"சம்சாரம். வீட்ல இருந்தவரைக்கும் ராவெல்லாம் இருமிக்கினு இருப்பா, செத்தப்புறமும்தான். சர்வேக்கு வந்தவங்ககிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்."

வாரியத்துக்கு வழி கிடைத்துவிட்டிருந்தது. இதே அடுக்குமாடியில் முன்பு குடியிருந்த உயிருள்ளவர்கள் தண்ணீருக்காக ஒருமுறை சாலை மறியல் செய்திருந்தார்கள். இறந்தவர்கள் வந்த பிறகு ஒரு புகார்கூட வரவில்லை. நிறைவான நிர்வாகத்துக்காக வாரியத்துக்கு விருது கிடைத்தது. மணமேடையில் மாணிக்கவாசகத்துக்குப் பின்னால் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். வீடு கேட்டு வருகிறவர்களிடம் இப்போது கவுண்டரில் முதலில் கேட்பது, "நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்பதுதான்.

சில மாதங்களில் உம்முசல்மாவும் அவர்களோடு பஸ் ஏறினாள். கணக்கெடுக்க வந்த விமல்ராஜிடம், சில நேரம் செத்துப்போன தன் வீட்டுக்காரரின் பீடி வாசனை வருகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்த வீட்டுக்காரருக்குத் தரைத்தளத்தில் வீடு ஒதுக்கினார்கள். கணவருக்குச் சொந்த வீடு இருப்பதால் அவளுடைய மாடி அறை ரத்தானது. கதவில் மறுபடியும் சிவப்புத் தாள் ஒட்டினார்கள்.

"ரூமு குடுத்தாங்க, எடுத்துக்கினாங்க. வாசனையும் போச்சு," என்றாள் உம்முசல்மா. "இப்ப எங்கண்ணே தேடுவேன் அவர?"

"வாம்மா, நீ கீழ தனியா உக்காராத," என்று ரேணுகாம்பாள் அவளை மேலே அழைத்துக்கொண்டாள். "இங்கருந்தே பாத்துக்கலாம்."

அதற்குள் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். ஒவ்வொரு கதவின் முன்னாலும் ஒருவர் அல்லது இருவர், பாய், தூக்குச் சட்டி, விசிறி. யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் உள்ளே ஏதாவது சத்தம் வந்தால் கேட்காமல் போய்விடும். தணிகாசலம் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். வாராவாரம் என்பது தினமும் என்றாயிற்று. உள்ளூரில் பார்க்கிறவர்கள் அவரிடம் ஏதாவது கேட்டால் பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தூரத்திலிருந்து வந்து சேர்வது போல வந்தது.

அன்றும் பொழுது சாய்ந்தது. ஏரிப்பக்கம் கொக்குகள் அடங்கின. கடைசி பஸ் வந்து கீழே திரும்பி நின்றது. போன வாரம் இருட்டில் யாரோ ஒரு கிழவி ஏறாமல் விடுபட்டுப்போய், மறுநாள் வரை தாழ்வாரத்திலேயே கிடந்தாளாம். அதிலிருந்து கண்டக்டர் இறங்கி நின்று, அண்ணாந்து பார்த்து, கையை வாயருகே குவித்துக் கூப்பிடுகிறார். அதில் கேலி எதுவும் இல்லை. அந்த இடத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கடைசி பஸ்ஸு! உசுரோட இருக்கறவங்கல்லாம் வந்து ஏறிக்கங்கப்பா!"

தாழ்வாரத்தில் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. ரேணுகாம்பாள் கதவில் தலை சாய்த்திருந்தாள். உம்முசல்மா கைப்பிடிச் சுவரருகே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

எழுந்து போக வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் கூப்பிட்டதில் தானும் சேர்த்தியா என்பதுதான் அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.